வாங்குக்கு வாங்கு போகும் ரியூட்: இளையோர் நாவலில் யாருடைய குரல்?

யாழ்ப்பாணத்தில் பத்தாம், பதினோராம் வகுப்புப் படிக்கும் பிள்ளை நாவல் தேடி நூலகத்துக்குப் போனால் பார்ப்பதற்கு இரண்டு இடங்கள்தான் உண்டு. சிறுவர் பகுதியில் படம் போட்ட மெல்லிய புத்தகங்கள். இரவல் பகுதியில் பெரியவர்களின் நாவல்கள். நூலகங்கள் புத்தகங்களை அடுக்கப் பயன்படுத்தும் தூயி தசமப் பகுப்பில் தமிழ்ப் புனைகதைக்கு 894.8113 என்ற எண். வாசிப்பவரின் வயது அந்த எண்ணில் தெரியாது. சிறுவர் பகுதியைத் தாண்டி அந்தப் பிள்ளை வளர்ந்தாயிற்று. இரவல் பகுதியிலோ தன் வயதுக்காரரைக் காண்பது அரிது. கண்டாலும் அவர்கள் யாரோ ஒரு பெரியவரின் நினைவில் வந்துபோகும் பிள்ளைகளாகவே இருப்பார்கள்.

பெரியவரின் நினைவு என்பதுதான் இங்கே முடிச்சு. பதின்ம வயதுப் பாத்திரம் ஒன்று நடுவில் நின்றால் அது இளையோர் நாவல் என்று பலரும் எண்ணுகிறார்கள். பாத்திரத்தின் வயதைவிட முக்கியமானது தூரம்: கதை நடக்கிற பொழுதுக்கும் அது சொல்லப்படுகிற பொழுதுக்கும் இடையில் எத்தனை ஆண்டு? வி. வி. கணேசானந்தன் ஆங்கிலத்தில் எழுதிய 'பிரதர்லெஸ் நைட்' 2023இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு பெண்களுக்கான புனைகதைப் பரிசைப் பெற்றது. 1981இன் யாழ்ப்பாணம், டொக்டராக வேண்டுமென்று படிக்கும் பதினாறு வயதுப் பெண் என்று கதை தொடங்குகிறது. இடமும் நம்முடையது, வயதும் பொருந்துகிறது. ஆனாலும் அது பெரியவர்களுக்கான நாவல்தான். சொல்பவள் பல ஆண்டு கழித்து நியூயோர்க்கில் இருந்துகொண்டு திரும்பிப் பார்க்கிறாள். யாருக்கு என்ன முடிவு வந்தது என்பது அவளுக்குத் தெரியும். அந்த அறிவின் பாரம்தான் நாவலின் பலம்.

இதன் பக்கத்தில் ஷியாம் செல்வதுரை 2005இல் இளையோருக்கென்றே எழுதிய 'சுவிம்மிங் இன் த மொன்சூன் சீ' நாவலை வைத்துப் பாருங்கள். 1980இன் கொழும்பு, 14 வயது அம்ரித், கனடாவிலிருந்து வந்திறங்கும் உறவுக்காரப் பெடியன், அவன்மீது தனக்கு வருவது என்னவென்று விளங்காத தவிப்பு. படர்க்கையில் சொல்லப்பட்டாலும் கதை அம்ரித்தின் தோளோடு ஒட்டியே நடக்கிறது.

இந்த வகை அமெரிக்காவில் தனி அலமாரி பிடித்த வரலாற்றில் எல்லாரும் சுட்டும் ஆண்டு 1967. எஸ். ஈ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்' அந்த ஆண்டு வந்தது. எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 15, நூல் வெளிவந்தபோது 18. பெண் எழுதிய நூல் என்று தெரிந்தால் ஆண் மதிப்புரையாளர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று பதிப்பகம் எண்ணியதால்தான் முதலெழுத்துகள் மட்டும் அட்டைக்கு வந்தன. கதை சொல்பவனுக்கு 14 வயது. நாம் வாசித்தது முழுவதும் அவன் ஆங்கில வகுப்புக்கு எழுதிக் கொடுத்த கட்டுரை என்பது முடிவில்தான் தெரியவரும். நடந்ததற்கும் எழுதியதற்கும் இடையில் காயம் ஆறக்கூட நேரமில்லை. அந்த ஆறாத காயத்தின் சூடுதான் இளையோர் நாவல்.

தமிழில் இளையோர் என்ற சொல்லே வழுக்குகிறது. இந்திய சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் 35 வயதுக்கு மேற்படாத எழுத்தாளருக்குத் தரப்படுவது. அங்கே இளமை எழுதுபவருடையது, வாசிப்பவருடையது அன்று. இந்தக் குழப்பம் நம் பேச்சிலும் உண்டு.

குரல் எங்கே பிழைக்கிறது என்பதை ஒரு சின்னக் காட்சியில் பார்க்கலாம். பின்னேரம் நாலு மணி, ரியூசன் கொட்டில். இடப்பக்க வாங்குகளில் பெட்டையள், வலப்பக்கம் பெடியள். சேர் மைக்கில் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரு ரியூட், வகுப்பில் கொடுத்த பயிற்சித் தாள், கைமாறி வருகிறது. பெரியவர் ஒருவர் இதை இப்படி எழுதுவார்:

"இளமையின் மாயவலையில் சிக்குண்டிருந்த அவன், தன் பொன்னான எதிர்காலமே பணயமாவதை உணராது, நடுங்கும் கரங்களால் அந்தக் கடதாசியைப் பெற்றுக்கொண்டான்."

அதே பொழுதை வாங்கில் இருப்பவன் சொன்னால்:

"ரியூட் நாலாம் வாங்கில இருந்து வந்தது. பின்பக்கத்தில பென்சிலால எழுதியிருந்தது. 'நாளைக்கும் வருவீரா?' அவ்வளவுதான். முந்தாநாள் வரைக்கும் 'வருவீங்களா' எண்டு கேட்டவள். சேர் பலகைப் பக்கம் திரும்பினாப்பிறகு இன்னொருக்கா வாசிச்சன். அழிறப்பர் பெட்டிக்குள்ளதான் கிடந்தது. எடுக்கேல்லை."

முதல் வடிவத்தில் எழுதியவர் தீர்ப்பைச் சொல்லி முடித்துவிட்டார். மாயவலை, பணயம், உணராது என்ற மூன்று சொல்லும் கதை தெரிந்தவரின் சொற்கள். பிள்ளைக்கு அந்த நிமிடத்தில் எதிர்காலம் என்று ஒன்று இல்லை. ஒரு வினைமுற்று மாறியிருக்கிறது, அதுதான் உலகம். இரண்டாவது வடிவத்தில் ஓர் உணர்ச்சிச் சொல்கூடக் கிடையாது. அழிறப்பரை எடுக்காமல் விட்டதில் எல்லாம் வந்துவிடுகிறது.

'வருவீரா' என்பது யாழ்ப்பாணத் தமிழ் நமக்குத் தந்திருக்கும் சொத்து. நீங்கள், நீர், நீ என்று மூன்று படி நம்மிடம் உயிரோடு இருக்கிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் 'நீர்' பெரும்பாலும் போய்விட்டது. இங்கே ரியூசனில் பழகும் பிள்ளைகளும் காதலர்களும் கணவன் மனைவியும் இன்றும் அதில் நிற்கிறார்கள். நீங்களிலிருந்து நீருக்கு இறங்குவது ஒரு நெருக்கம். நீயிலிருந்து நீருக்கு ஏறினால் அது கோபமாகவோ புதிதாக வந்த கூச்சமாகவோ இருக்கலாம். ஆங்கில நாவல் அரைப் பக்கத்தில் விளக்கவேண்டியதை நாம் ஒரு விகுதியில் முடிக்கலாம். இதைக் கையில் வைத்துக்கொண்டு "அவர்களிடையே இனம்புரியாத ஈர்ப்பு மலர்ந்தது" என்று எழுதுவது பெரும் வீண்.

பேச்சுத் தமிழை எவ்வளவு தூரம் கொண்டுபோவது என்பது எழுதுபவருக்கு முதல் நாளே வரும் சிக்கல். நாவல் முழுவதையும் பேச்சில் எழுதலாம். ஆனால் பேச்சுக்கு நிலையான எழுத்துக்கூட்டல் இல்லை: என்ர, என்ரை, எண்ட என்று ஒரே சொல் மூன்று விதமாக வரும். பத்துப் பக்கம் இனிக்கும், அறுபதாம் பக்கத்தில் கண் களைக்கும். எடுத்துரைப்பைச் சின்னச் சின்ன வசனங்களில் எளிய எழுத்துத் தமிழில் வைத்து, அதற்குள் பஞ்சி, கொதி, புழுகம், அரியண்டம், பேய்க்காட்டுதல் போன்ற சொற்களைத் தயக்கமில்லாமல் விட்டு, உரையாடலை முழுப் பேச்சில் எழுதுவதுதான் 180 பக்கத்துக்குத் தாங்கும். எழுதத் தொடங்குமுன் ஒரு தாளில் ஐம்பது அறுபது பேச்சு வடிவங்களுக்கு எழுத்துக்கூட்டலைத் தீர்மானித்து மேசையில் ஒட்டிவைக்கவேண்டும். இது சின்ன வேலையாகத் தெரியும். செய்யாத நாவல்களில் பாதியில் 'இருக்கிறன்' 'இருக்கிறேன்' ஆகி, சொல்பவனின் வயது பத்து ஆண்டு ஏறிவிடும்.

இதே இடத்தில் இன்னொரு பிழை. நாற்பது ஐம்பது வயதுக்காரர் பிள்ளைகளை வாய்க்கு வாய் "எடேய்", "கோதாரி" என்று பேசவைக்கிறார். அது அந்தப் பிள்ளையின் தகப்பனுடைய பேச்சு. இன்றைய பெடியன் கூட்டாளியிடம் "ப்ரோ", "செம", "வேற லெவல்" என்பான். யூரியூப்பிலும் படத்திலும் வந்த தமிழ் அது. வீட்டுப் படலையைத் தாண்டியதும் "ஓம் அம்மம்மா, வாறன்" என்று மாறிவிடுவான். அந்த மாறுதலைப் பிடித்தால் பாத்திரம் எழும்பி நிற்கும். ஒற்றைக் குரலிலேயே பேசினால் எந்த வயதுக்காரன் என்பதே ஐயமாகும்.

அடுத்தது இடம். மேற்கத்திய இளையோர் நாவலில் பிள்ளைக்குத் தனி அறை உண்டு. கதவைச் சாத்தினால் கதை தொடங்கும். நம் வீட்டில் அறைக்குத் திரைச்சீலைதான் போட்டிருக்கும். அம்மம்மா விறாந்தையில், பக்கத்து வீட்டு மாமி வேலியோரம், போன் அம்மாவின் கையில். அப்படியானால் நம் பிள்ளை எங்கே தனியாக இருக்கிறது? சைக்கிளில். பள்ளிக்கூடம் 1.30க்கு விடும். சாப்பிட்டு உடுப்பு மாற்றி மூன்று மணிக்கு ரியூசன், முடிய ஆறு மணி. ஒரு ரியூசனிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பதினைந்து இருபது நிமிடம், ஒழுங்கை முடக்கு, சைக்கிள் விடும் இடம், கோயில் வெளிவீதி. நம் பதின்ம வயது நடப்பது அந்த இடைவெளிகளில்தான். அறையைக் கடன் வாங்கி எழுதிய நாவலில் எல்லாமே கொஞ்சம் பொய்யாகப் படுவதற்குக் காரணம் இது. மோதலும் நட்பும் துரோகமும் நடக்க இருபது நிமிடம் போதுமா என்று கேட்கலாம். தினமும் வரும் இருபது நிமிடம் என்பதால் போதும். நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடரலாம்.

காலத்துக்கும் நம்மிடம் தயாரான சட்டகம் உண்டு. நல்லூர்த் திருவிழா 25 நாள். வெளிநாட்டு உறவினர் வந்து நிற்கும் காலமும் அதுதான். கனடாவிலோ இலண்டனிலோ பிறந்த மச்சாள் ஒருத்தி அரைத் தமிழில் கேள்வி கேட்டுக்கொண்டு ஒரே வீட்டில் இருபத்தைந்து நாள் நிற்பாள் என்பதே ஒரு நாவலுக்குப் போதிய நெருக்கடி. கொடியேற்றத்தில் தொடங்கி, அவள் விமான நிலையத்துக்கு வான் ஏறிப் போவதில் முடிக்கலாம்.

சோதனை பற்றி எழுதும்போது கணக்குப் பிழைக்கக் கூடாது. இங்கே பிள்ளைகள் இரக்கமில்லாத வாசகர்கள். சோதனை முறையை அவர்களைப்போல் அறிந்தவர் எவருமில்லை. பல்கலைக்கழகத்துக்கு எடுபட உயர்தரச் சோதனையில் மூன்று தடவைதான் கணக்கு. அனுமதி இசட் புள்ளியில், அதாவது பாடங்களை ஒப்பிடத் தரப்படுத்திய புள்ளியில். பெரும்பாலான பீடங்களில் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் தரவரிசைப்படி, 55 வீதம் மாவட்டப்படி, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அதனால் மூன்று ஏ எடுத்தும் மருத்துவ பீடம் கிடைக்காமல் போகும். "மூன்று ஏ எடுத்தான், டொக்டரானான்" என்று எழுதிய நாவலைப் பதினேழு வயதுப் பெட்டை அந்தப் பக்கத்தோடு மூடிவைப்பாள். முறையைச் சரியாக விளங்கிக்கொண்டவருக்கோ அங்கே ஒரு கதை கிடைக்கும்: யாழ்ப்பாணத்தில் படிக்கும் ஒருத்தியும் கிளிநொச்சியில் படிக்கும் அவள் தோழியும் ஒரே புள்ளி எடுத்தும் ஒருத்திக்கு மட்டும் இடம் கிடைக்கலாம். யாரும் துரோகம் செய்யவில்லை. நட்பு அதைத் தாங்குமா?

போரைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். 2009 மே மாதத்தில் பிறந்த பிள்ளைக்கு 2025இல் 16 வயது. அந்தப் பிள்ளைக்குப் போர் நினைவில் இல்லை, வீட்டில் இருக்கிறது: சுவரில் மாலை போட்ட மாமாவின் படமாக, வெடிச்சத்தம் கேட்டால் அம்மா சட்டென்று நிற்பதாக, "அதைக் கேக்காதை" என்ற ஒரு வரியாக. நம் எழுத்தாளர்கள் பிள்ளையைப் பதுங்குகுழிக்குள் இறக்கிவிடுகிறார்கள். அது அவர்களுடைய பிள்ளைப்பருவம், எழுதப்படவேண்டியதும்தான். இன்றைய பிள்ளைக்கு உரிய கேள்வி வேறு: எனக்குச் சொல்லாமல் வைத்திருப்பது என்ன, கேட்டால் யார் உடைவார்கள்? மௌனத்துக்குள் வளர்வது பற்றி எழுத நமக்கு விடயம் இருப்பதுபோல் வேறு பலருக்கு இல்லை.

பெரியவர்கள் கைவைக்கத் தயங்கும் இன்னும் இரண்டு விடயம் இந்த வயதுக்கே உரியவை. ஒன்று சாதி. சிறுவயதில் கூட்டாளி வெறும் கூட்டாளி. பதினான்கு பதினைந்தில்தான் அவனுக்கு வீட்டில் தேத்தண்ணி எந்தக் கப்பில் வருகிறது என்பதைப் பிள்ளை கவனிக்கிறது. அதைச் சொற்பொழிவாக எழுதினால் செத்துவிடும். கழுவி வேறாகக் கவிழ்த்து வைத்த ஒரு கப்பை மட்டும் காட்டினால் போதும். மற்றது சாமத்திய வீடு, பெண்பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் சடங்கு. மண்டபம், வீடியோ, மூன்று சாறி மாற்றி எடுத்த அல்பம். வந்தவர்கள் எல்லாரும் அவளைப் பார்க்கிறார்கள். அவளுக்கு என்ன தோன்றுகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. நடுவில் இருத்தப்பட்டு ஒரு சொல்லும் பேசாத அந்தப் பிள்ளைதான் முதல் அத்தியாயத்தின் கதைசொல்லி ஆகவேண்டியவள்.

முடிவில் எத்தனையோ நல்ல தொடக்கங்கள் நாசமாகின்றன. கடைசி அத்தியாயத்தில் ஓர் ஆசிரியரோ தாத்தாவோ வந்து நாலு பக்கம் பேசுவார், பிள்ளை அழுது திருந்தும். ரொபேர்ட் கோர்மியரின் 'தி சொக்லட் வோர்' 1974இல் வந்தது. பள்ளிக்கூடத்துக்குச் சொக்லட் விற்க மறுத்த பெடியன் அதில் வெல்லவில்லை, அடிபட்டு விழுகிறான். பிள்ளைகளுக்கு இப்படி நம்பிக்கையில்லாத முடிவா என்று பெரியவர்கள் சண்டைபிடித்தார்கள், பிள்ளைகள் வாசித்துக்கொண்டேயிருந்தார்கள். எல்லா முடிவும் இருட்டாக இருக்கவேண்டும் என்றில்லை. முடிவு பிள்ளையின் கையால் நடக்கவேண்டும், அவ்வளவுதான்.

ஏன் பெரியவரின் குரலே திரும்பத் திரும்ப வருகிறது? திறமைக் குறைவு என்று சொல்வது அநியாயம். காரணம் அச்சகத்திலும் வெளியீட்டு மண்டபத்திலும் இருக்கிறது. இங்கே நாவல் பெரும்பாலும் எழுத்தாளரின் சொந்தக் காசில் 300 முதல் 500 பிரதி அச்சாகும். விற்பது வெளியீட்டு விழாவில்: முதற்பிரதி, சிறப்புப் பிரதி, என்வலப்பில் காசு. வாங்குகிறவர்கள் அதிபர்கள், ஆசிரியர்கள், உறவினர்கள், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை என்று கதைக்கு முன்னால் பத்துப் பதினைந்து பக்கம் அவர்களுக்காகவே போகிறது. மண்டபத்தில் பதினாறு வயதுக்காரர் இருந்தால் அவர் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாட வந்தவர். பிரதியை வாங்குபவர் ஒருவர், வாசிக்கவேண்டியவர் இன்னொருவர் என்றால் எழுத்து வாங்குபவரின் பக்கம் சாயும். பிள்ளைகள் அதற்குள் பிரதிலிபி போன்ற செயலிகளில் தொடர்கதை வாசிக்கப் போய்விடுகிறார்கள். அங்கே பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பேச்சு, கோபக்காரக் கணவன், கட்டாயக் கலியாணம். பிள்ளைகளுக்கு வாசிப்பில்லை என்று குறைசொல்பவர்கள் அந்தப் போனை ஒருதடவை பார்க்கவேண்டும்: ஒரே இரவில் இருபது அத்தியாயம் போயிருக்கும்.

அதிலிருந்து அளவையும் கற்கலாம். 39,000 சொல், அத்தியாயத்துக்கு 1,300 சொல் என்றால் முப்பது அத்தியாயம். ஒரு பக்கத்துக்கு 220 சொல் வைத்தால் 180 பக்கத்துக்குள் அடங்கும். ஓர் அத்தியாயம் இரண்டு ரியூசனுக்கு இடையில் வாசித்து முடியவேண்டும். முன்னுரைகளை எடுத்துவிடுங்கள். கட்டாயமென்றால் பின்னால் போடுங்கள்.

பிள்ளைக்குப் புத்தகம் தெரிவு செய்யும் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் மூன்று இடம் பார்த்தால் போதும். முதற்பக்கத்தில் சொல்பவர் பிள்ளையைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறாரா என்று பாருங்கள். பிறகு அம்மாவோ அப்பாவோ பேசும் ஒரு பக்கம்: பிள்ளையின் கதை என்பதற்காகத் தாயை அரக்கியாக்குவதும் அதே அளவு பொய், அவளுக்கும் ஒரு பயம் இருக்கவேண்டும். கடைசியாக இறுதி இரண்டு பக்கம். அங்கே பெரியவர் பேச்சு இருந்தால் திரும்ப வைத்துவிடலாம்.

வாசிப்பு வட்டம் நடத்துவதென்றால் ஆறு முதல் எட்டுப் பேர், வாரத்துக்கு நாற்பது பக்கம், ஐந்து வாரத்தில் ஒரு நாவல். தவணைச் சோதனைக்கு முந்திய மாதத்தில் தொடங்கவேண்டாம், பாதியில் நின்றுவிடும். முதல் அரைமணி பெரியவர் வாயைத் திறக்கக் கூடாது. "இந்நாவல் உணர்த்தும் படிப்பினை யாது?" என்று கேட்டீர்களோ, எல்லாரும் விடைத்தாள் எழுதும் குரலுக்கு மாறிவிடுவார்கள், அன்றைய பொழுது முடிந்தது. "எந்த இடத்தில் உங்களுக்குக் கொதி வந்தது?" என்று கேளுங்கள். முதலில் ஒருவரும் பேசமாட்டார்கள். பிறகு ஒருத்தி பக்க எண்ணைச் சொல்லுவாள், மற்றவர்கள் அந்தப் பக்கத்தைத் தேடிப் புரட்டத் தொடங்குவார்கள்.